இடையில் அணைக்கக் கூடாது

ஜூன் 4, செவ்வாய்

இது வண்டிக்கான டைரி. முபாரக் போடச் சொன்னான். எவ்வளவு தூரம் ஓடியது, ஆயில் எங்கே நிற்கிறது, எந்த லைட் எப்போது எரிந்தது என்று குறித்து வைத்தால்தான் நோயைக் கண்டுபிடிக்க முடியுமாம். மேலப்பாளையத்தில் அவன் ஒர்க்‌ஷாப் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான். இப்போது அவன் எனக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறான். கவுண்டரில் நின்றே தலை நரைத்தவனுக்கு இதுவும் வேண்டும்.

வண்டியின் ஜாதகம்: ஆயிரத்து ஐந்நூறு சி.சி., நான்கு சிலிண்டர், டர்போ டீசல். ஆயில் ஐந்து லிட்டர் பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. புனேயில் இருக்கும் மகள் காந்திமதிதான் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாள். சீட் உயரம், அம்மாவுக்கு ஏறி இறங்கச் சுலபம் என்றாள்.

நோய்: டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்க டர்போவை அடுத்து ஒரு பில்டர் இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். அது அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வேறு எதையும் இதில் எழுதப்போவதில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போக வர எட்டு கிலோமீட்டர்.

ஜூன் 6, வியாழன்

எட்டு கிலோமீட்டர். விளக்கு எரிகிறது.

ஜூன் 8, சனி

எட்டு கிலோமீட்டர்.

வண்டி ஏன் இவ்வளவு குறைவாக ஓடுகிறது என்பதையும் குறிக்கச் சொல்கிறான் முபாரக். குறிக்கிறேன். என் மனைவி வடிவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மூன்று வருடமாக. பெருமாள்புரம் வீட்டை விட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டால் வீடு. வண்டிக்கு வேறு ஊர் தெரியாது.

அதுதான் நோயே என்கிறான். கரி சேர்ந்ததும் எஞ்சின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, பில்டரைச் சூடாக்கி, கரியை எரித்துவிடுமாம். அதற்கு அறுபதுக்கு மேல் அரை மணி நேரமாவது ஒரே சீராக ஓட வேண்டும். நான் பத்து நிமிடத்தில் போய் அணைத்துவிடுகிறேன். அது எரிக்க ஆரம்பிக்கும், நான் அணைப்பேன். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்பேன்.

"அம்மா மிஷின்ல இருக்கும்போது சும்மாதான இருக்கிய அண்ணாச்சி. நாலுவழிச்சாலையில ஏறி நாகர்கோவில் பக்கம் ஒரு விரட்டு விரட்டிட்டு வாங்க. ஃபேன் சத்தமா ஓடும், ஒரு சூட்டு வாடை வரும். அப்ப மட்டும் இடையில அணைக்கக் கூடாது."

சும்மா இருக்கிறேனாம். டயாலிசிஸ் அறைக்கு வெளியே ஒரு நீல நாற்காலி உண்டு. கதவில் கண்ணாடி உண்டு. வடிவு தலையைத் திருப்பிப் பார்க்கும்போது நான் அதில் இருக்க வேண்டும். அது ஒரு வேலை.

ஜூன் 11, செவ்வாய்

எட்டு கிலோமீட்டர். முபாரக் சொன்னதை வடிவிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அதுதான் தப்பு. "அப்ப போவோமே. முப்பந்தல்ல கரண்டு காத்தாடி சுத்துதத பாத்து எவ்வளவு நாளாச்சி" என்று பிடித்துக்கொண்டாள். உன்னால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்றாள். ஞாயிறு நீ ஓய்வெடுக்க வேண்டிய நாள் என்றேன். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் ஆயில் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரெல்லாம் பேச லைன் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். இப்போது என்னமோ பேச வேண்டும், பேச வேண்டும் என்று வருகிறாள்.

நான் அவளை முதலில் கேட்டதே போனில்தான். கடையிலிருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு நாசில், பிஸ்டன் ரிங் எல்லாம் ஆர்டர் சொல்லுவேன். நடுவில் ஒரு குரல் வரும். "மூணு நிமிஷம் ஆயிட்டு. நீட்டணுமா?" முதலாளி திட்டுவார் என்று தெரிந்தும் நீட்டச் சொல்லுவேன்.

இதை வண்டி டைரியில் எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 15, சனி

எட்டு கிலோமீட்டர்.

பில்டருக்கு முன்னும் பின்னும் புகையின் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. அது பொய் சொன்னாலும் விளக்கு எரியும். இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு. சந்தேகத்துக்கு மாற்றிப் பார்ப்போம் என்று நான் வேலை பார்த்த பழைய கடைக்குப் போய் ஒன்று எடுத்து வந்தேன். வேறு வண்டியுடையது, ஆனால் இதே எஞ்சின். பிளக் அப்படியே உட்கார்ந்தது. போல்ட் துளைகூட ஒன்றுதான். வண்டியில் மாட்டும் ஸ்கேனரில் பார்த்தால் கணக்கு எங்கேயோ போகிறது. முபாரக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

உட்கார்ந்துவிட்டால் ஒத்துப்போகிறது என்று அர்த்தமில்லை. இதை நானே கவுண்டரில் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஏ குரூப். வடிவு ஓ. என்னுடையது சேராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மகள் காந்திக்கு ஓ. மற்ற டெஸ்ட் எல்லாமும் ஒத்துவந்தது. வடிவுதான் வேண்டாம் என்றுவிட்டாள். பிடிவாதம். அப்போது கோபத்தில் அவளோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

நெல்லையப்பர் தேர். டவுன் பக்கம் வண்டி எடுக்க முடியாது. எடுக்கவும் இல்லை.

வடிவு காலையிலேயே என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு ரசம் வைக்கச் சொன்னாள். அவள் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல நான் வைத்தேன். நுரை கூடியதும் இறக்க வேண்டுமாம், கொதிக்க விடக் கூடாதாம். நான் கொதிக்க விட்டேன். திரும்ப வைக்கச் சொன்னாள். தேர் நாளும் அதுவுமாக இரண்டு தரம் ரசம். சாயங்காலம் மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பச்சைப் பட்டுப் புடவையைக் கொடுத்துவிட்டாள். நல்ல கனமான புடவை. எதற்கு என்று கேட்டேன். கட்டப் போகிறேனா என்றாள். தீபாவளிக்குக் கட்டலாமே என்றேன்.

ஜூன் 27, வியாழன்

எட்டு கிலோமீட்டர்.

ஒரு அதிசயம். ஆயில் ஏறியிருக்கிறது. ஆயில் அளக்கும் கம்பியைத் துடைத்துத் திரும்ப விட்டுப் பார்த்தேன். மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. எந்த எஞ்சினிலும் ஆயில் குறைந்துதான் பார்த்திருக்கிறேன். கூடிப் பார்த்ததில்லை. முபாரக்குக்கு போன் போட்டேன். கரியை எரிக்க விடும் டீசல், பாதியில் அணைத்தால் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடுமாம். ஆயில் நீர்த்துப் போனால் டர்போ பேரிங் போகும், அப்புறம் எஞ்சினே போகும் என்கிறான்.

வடிவுக்கும் எடை ஏறியிருக்கிறது. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்குகிறது. கால் இரண்டும் வீக்கம், விரலால் அமுக்கினால் குழி நிற்கிறது. டாக்டர் அவளைத் திட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கிறீர்களா என்றார். அவள் குடிக்கவில்லை. நான்தான் டம்ளர் எடுத்துக் கொடுப்பவன், எனக்குத் தெரியும்.

ஜூலை 6, சனி

முபாரக் தொல்லை தாங்காமல் இன்று போனேன். வடிவை மிஷினில் படுக்க வைத்து ஊசி குத்தி முடித்ததும், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று கண்ணாடி வழியாகக் கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். நாலுவழிச்சாலையில் ஏறி எண்பதில் பிடித்தேன். நாங்குநேரி தாண்டும்போது சூட்டு வாடை வந்தது. ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் போன். நர்ஸ். அம்மாவுக்கு பிரஷர் இறங்கிவிட்டது, நீங்கள் எங்கே என்றாள். எப்படித் திரும்பினேன், எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அணைத்துப் போட்டுவிட்டு ஓடினேன். ஃபேன் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வடிவு கண்ணை விழித்துப் பார்த்து, வண்டியில லைட் போயிட்டா என்றுதான் கேட்டாள்.

இனி போகமாட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

முருகன்குறிச்சி சிக்னலில் எஞ்சின் படம் போட்ட பெரிய மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரிந்தது. அத்தோடு இழுவை போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் முப்பதுக்கு மேல் ஏறவில்லை. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். பின்னால் நின்ற ஆட்டோக்காரனுக்குத் தெரியுமா. ஹாரன் அடித்தே கொன்றுவிட்டான். எனக்கு வியர்த்து ஊற்றியது. வடிவு சிரித்தாள். "எங்க ரெண்டு பேரையும் ஒரே டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

வண்டி முபாரக்கிடம். ஸ்கேனரை மாட்டி, நின்ற இடத்திலேயே கரியை எரிக்க வைத்தான். பாதிதான் போயிருக்கிறது, மிச்சத்துக்கு ரோட்டில்தான் ஓட்ட வேண்டும் என்றான். பிறகு ஆயிலை இறக்கினான். விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, போன சர்வீஸில் என்ன ஊற்றினோம் அண்ணாச்சி என்று கேட்டான்.

என்ன ஊற்றினோம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கடையிலிருந்து கொண்டுபோன கேன். லாரிக்கும் ஜீப்புக்கும் வாழ்நாளெல்லாம் விற்ற ஆயில். எந்த எஞ்சினும் இதைக் குடித்துக் கெட்டதில்லை என்று நான்தான் சொன்னேன். இந்தப் புது எஞ்சின்களுக்கு அது ஆகாதாம். சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டுமாம். வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. எனக்கு எதற்குப் புத்தகம்.

"கரின்னா எரிஞ்சிரும் அண்ணாச்சி. ஆயில்லருந்து வார சாம்பல் எரியாது. அப்படியே தங்கிரும்." விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எனக்கும் அப்பவே ஒரு மாதிரிதான் இருந்திச்சு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊத்திட்டேன்" என்றான்.

கூச்சமாக இருந்தது. இரண்டு பேரும் டீ குடித்தோம். புது ஆயில் ஊற்றி வண்டியை எடுத்து வந்தேன்.

ஜூலை 18, வியாழன்

எட்டு கிலோமீட்டர். சிறிய விளக்கு மட்டும் எரிகிறது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வண்டி விஷயம் இல்லை. எழுதவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கையில் ஊசி குத்தும் இடம் அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். போடும்போது அவள் கத்தியது கண்ணாடிக்கு வெளியே கேட்டது. நீல நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

எட்டு கிலோமீட்டர்.

ஜூலை 27, சனி

எட்டு. இரவு பூராவும் அவளுக்கு அரிப்பு. தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். காந்தியோடு போனில் ரொம்ப நேரம் பேசினாள், கதவைச் சாத்திக்கொண்டு. எனக்குத் தெரியாமல் என்ன பேச்சு.

ஜூலை 30, செவ்வாய்

நூற்று முப்பது கிலோமீட்டர்.

ஆறரைக்கு ரெடியானாள். மிஷினில் குளிரும் என்று எப்போதும் ஒரு போர்வைப் பை எடுப்போம். அதை எடுக்காமல் வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் போய் எடுத்துப் பின் சீட்டில் போட்டேன். பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி. வலப்பக்கம் ரெட்டியார்பட்டி, அதைத் தாண்டி நாலுவழிச்சாலை. நான் இண்டிகேட்டரை இடப்பக்கம் போட்டேன். அவள் கையை நீட்டி அதை நிறுத்தினாள். முப்பந்தல் போவோம் என்றாள். இன்றைக்கு மிஷின் இருக்கிறதே என்றேன். நாளைக்குப் போய்க்கொள்ளலாம், ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன் என்றாள். மழை இல்லை. நல்ல காற்று. அந்த மஞ்சள் விளக்கு வேறு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு நாள்தானே என்று திருப்பினேன்.

நாங்குநேரி டோல்கேட் தாண்டியதும் சூட்டு வாடை. லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் எண் மடமடவென்று இறங்கியது. ஆரம்பித்துவிட்டது என்றேன். என்ன ஆரம்பித்தது என்று கேட்டாள். சொன்னேன். இதுவரை யாரும் இதையெல்லாம் என்னிடம் கேட்டதில்லை. கரி, சூடு, கூடுதல் டீசல் எல்லாவற்றையும் சொன்னேன். முடியும்வரை அணைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்றேன்.

"அப்ப இப்ப நீங்க எந்திரிச்சுப் போவ முடியாதுலா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றா எழுதுகிறேன்? புரிந்தது.

"இனிமே மிஷினுக்கு வரமாட்டேன்ங்க. டாக்டர்ட்ட சொல்லியாச்சு. காந்திட்டயும் சொல்லிட்டேன். அழுதா. அப்புறம் சரின்னுட்டா. ஒங்கட்ட மட்டுந்தான் சொல்ல முடியல. வாயத் தொறந்தா ஆயில் பாக்கப் போயிருதிய."

கால் தானாக எழுந்துவிட்டது. வண்டி எழுபது, அறுபது என்று இறங்கியது. "கால எடுக்காதிய. அணைஞ்சிரும்னு சொன்னியள்லா" என்றாள். மறுபடி மிதித்தேன்.

கத்தினேன். காந்தி கொடுக்கிறேன் என்றாளே, எல்லாம் ஒத்துவந்ததே, நீதானே வேண்டாம் என்றாய் என்று கத்தினேன். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, அவள் கொடுப்பாள், வாங்க எனக்கு மனசு இல்லை என்றாள். அது முடிந்த பேச்சு, இப்போது என் இருதயமும் தாங்காது, டாக்டர் உங்களிடமே சொன்னாராமே என்றாள். சொன்னார். பதினெட்டாம் தேதி சொன்னார். இந்த டைரியில் எழுதாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா.

வள்ளியூர் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் காற்றாடிகள் வர ஆரம்பித்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஊசி வலிக்கிறது, தாகம் அதைவிட வலிக்கிறது, கழுத்துக் குழாய்க்குப் பிறகு கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை என்றாள். வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்க் கிடந்து, மிச்ச நாலு நாள் அந்தக் களைப்பில் கிடப்பதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள். இதையெல்லாம் இத்தனை நாளாக என்னிடம் சொல்லத்தான் வந்துகொண்டிருந்தாள். நான் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போதும்ங்க. இனி நீட்ட வேண்டாம்" என்றாள்.

எக்ஸ்சேஞ்ச் குரலில்தான் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாளா, தெரியாது.

"நான் என்ன செய்வேன் வடிவு" என்று கேட்டேன்.

"ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தேம்லா."

அழுதேன். எண்பதில் போய்க்கொண்டே அழுதேன். ரோடு மங்கியபோது அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள், நேரே பாருங்கள் என்று திட்டிக்கொண்டே. கல்யாணம் ஆன புதிதில்கூட இப்படி ரோட்டில் என் முகத்தைத் தொட்டதில்லை.

முப்பந்தலை நெருங்கும்போது, லைட் போய்விட்டது என்று அவள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள்.

முப்பந்தலில் ரோட்டோரம் நிறுத்தினேன். டர்போ ஆற வேண்டும், உடனே அணைக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். அவளுக்கு அது ஓடுகிற சத்தம் பிடித்திருந்தது. எதிரே இளநீர் வண்டி. மூன்று வருடமாக அவள் இளநீரைத் தொட்டதில்லை, அதிலுள்ள உப்பு அவள் இருதயத்தை நிறுத்திவிடும் என்பார்கள். எனக்கு ஒன்று வாங்கித் தாருங்கள் என்றாள். வாங்கினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளே என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஒரு வாய்தான் குடித்தாள். வழுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

காற்றில் அவள் தலைமுடி எல்லாம் கலைந்துவிட்டது. ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது நாங்குநேரிக்குப் பக்கத்தில் சரி என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. என் கை மேல் கையை வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

போர்வைப் பை பின் சீட்டிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஆறரைக்குச் சாவியை எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன். காந்தி குழந்தையோடு வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வண்டி ஓடவில்லை. வீட்டுக்கே ஒரு டாக்டர் வருகிறார், மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுக்கிறார். வடிவு நிறையத் தூங்குகிறாள். விழிக்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே கண்ணாடி இல்லை.

இன்று ரசம் வைத்தேன். கொதிக்க விடவில்லை. ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாலேயே நன்றாக இருக்கிறது என்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

விடியற்காலை வடிவு போய்விட்டாள். காந்தி அழுதுகொண்டிருந்தாள். நான் வடிவின் காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காந்தி புனே கிளம்பினாள். என்னையும் வரச் சொன்னாள். வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். நான் சொன்ன காரணம் எனக்கே அசிங்கமாக இருந்தது. ஜங்ஷனில் விட்டுவிட்டுத் தனியாக வந்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

எட்டு கிலோமீட்டர்.

செப்டம்பர் 5, வியாழன்

எட்டு.

செப்டம்பர் 7, சனி

எட்டு.

செப்டம்பர் 14, சனி

எட்டு. வண்டியில் விளக்கு மறுபடியும் வந்துவிட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

முபாரக்கிடம் போனேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். கரி நிறையச் சேர்ந்திருக்கிறது, சாம்பலும் இருக்கிறது, பில்டரை ஒருநாள் கழற்றித்தான் கழுவ வேண்டும், இப்போதைக்குக் கரியை எரித்தால் போதும் என்றான். பிறகு ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான், இப்போதுதான் ஆஸ்பத்திரி இல்லையே, குட்டி குட்டியாக எங்கே ஓட்டுகிறீர்கள் என்று.

மார்க்கெட்டுக்கு என்றேன்.

"வியாழக்கெழம காலையில முருகன்குறிச்சி சிக்னல்ல ஒங்க வண்டியப் பாத்தேன் அண்ணாச்சி" என்றான்.

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. ஆறரை ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போகிறேன், வண்டியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன். உள்ளே போவதில்லை. அந்த நீல நாற்காலியில் இப்போது வேறு யாராவது இருப்பார்கள்.

வண்டிக்கு அது கெடுதல் என்று அவன் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கடைப் பையன்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன் சீட்டுக் கதவைத் திறந்து ஏறினான். அவன் ஆறடி. சீட்டை வடிவுக்காக முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தேன். பின்னால் தள்ள அவன் கை கீழே போனது. தொடாதே என்றேன். கையை எடுத்துவிட்டான். முட்டி இரண்டும் டேஷ்போர்டில் இடிக்க, அப்படியே மடங்கி உட்கார்ந்துகொண்டான்.

நாலுவழிச்சாலையில் ஏறினேன். டோல்கேட் தாண்டியதும் அந்த வாடை வந்தது.

"ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி. கால எடுக்காதிய" என்றான்.

அதே வார்த்தை. அவனுக்கு என்ன தெரியும். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் காலை எடுக்கவில்லை. எண்பதில் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். டிரங்க் காலில் வந்த குரலிலிருந்து தொடங்கினேன். நீட்டணுமா என்று அவள் கேட்டதும், நான் நீட்டி நீட்டி முதலாளியிடம் வசவு வாங்கியதும், பெண் பார்க்கப் போன வீட்டில் அவள் வாயைத் திறந்ததும்தான் இந்தக் குரல் அந்தக் குரல் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். போர்வைப் பையைச் சொன்னேன். இளநீரைச் சொன்னேன். அவள் சொல்ல வந்ததைக் கேட்காமல் எத்தனை தரம் எழுந்து போனேன் என்பதையும் சொன்னேன். வடிவு போன பிறகு நான் யாரிடமும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முபாரக் ம் கொட்டிக்கொண்டே வந்தான். ஒருமுறை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பணகுடி தாண்டி விளக்கு அணைந்தது. நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். இனி நிறுத்தலாம், திரும்பலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சொல்லி முடியவில்லை. நாகர்கோவில் வரை போனோம்.